விண்டோஸ் இல்லாமல் விண்டோஸ் கேம்: வைனில் இருந்து புரோட்டோன் வரை

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான அப்டேற்றுகளை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அந்தக் கிழமையே சித்தியின் மகன் போன் எடுத்தான். அவனுடைய லப்டொப்பில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5. இன்டெல் சில்லென்றால் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிறகு வந்ததாகவோ இருக்க வேண்டும் என்பது விண்டோஸ் 11இன் நிபந்தனை. லப்டொப்பில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் அது இனிப் பழசு என்று வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள். பெடியன் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, லினக்ஸ் போட்டா கேம் விளையாடேலுமோ?"

பத்து வருசத்துக்கு முந்திக் கேட்டிருந்தால் "ஏலாது" எண்டு ஒரே சொல்லில் முடிச்சிருப்பன். இந்தமுறை சொன்ன பதில், "அனேகமா ஏலும். என்னென்ன கேம் எண்டு சொல்லு." இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தேடிப் போனால் அது பத்து வருசக் கதை இல்லை, முப்பது வருசத்துக்கும் மேலான கதை.

முதலில், ஒரு விண்டோஸ் கேம் ஏன் லினக்ஸில் அப்படியே ஓடாது? புரொசசர் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கேமின் கணக்கு வழக்கெல்லாம் எங்கேயும் நடக்கும். ஆனால் கேம் தனியாக நின்று எதையும் செய்வதில்லை. திரையில் ஒரு ஜன்னல் திறக்க, கோப்பு ஒன்றை வாசிக்க, சத்தம் எழுப்ப, ஒரு முக்கோணத்தை வரைய என்று எல்லாவற்றுக்கும் இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு விண்டோஸில் ஆயிரக்கணக்கான கட்டளைகள் இருக்கின்றன. லினக்ஸுக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவத்தோடு கந்தோரில் நின்ற ஆட்களுக்கு இந்த நிலைமை சொல்லாமலே விளங்கும். செய்ய வேண்டிய வேலை என்னவோ சாதாரணமானதுதான், கேட்கிற பாஷைதான் பிரச்சினை.

இதற்கு ஒரு வழி, லினக்ஸுக்குள் முழு விண்டோஸ் கொம்பியூட்டர் ஒன்றையே பாவனை செய்வது. அப்படிச் செய்தாலும் உள்ளே போட விண்டோஸ் வேண்டும், வேகமும் அடிபடும். இன்னொரு வழி, அந்த ஆயிரக்கணக்கான கட்டளைகளுக்கும் பதில் சொல்லக்கூடிய மென்பொருள் ஒன்றை அடியிலிருந்து புதிதாக எழுதுவது. கேம் தான் விண்டோஸிடம் கேட்பதாக நினைத்துக் கேட்கும், பதில் சொல்வது வேறு ஆள். வைன் என்பது இந்த இரண்டாவது வழி. 'வைன் இஸ் நொட் அன் எமுலேற்றர்' என்பதன் முதலெழுத்துகள்தான் வைன் என்பார்கள். பெயரின் விளக்கத்துக்குள்ளேயே அதே பெயர் மறுபடி வருவது அந்தக் காலக் கொம்பியூட்டர்காரரின் பகிடி.

1993இல் சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் யூனிக்ஸ் இயந்திரங்களில் விண்டோஸ் மென்பொருட்களை ஓட்டுவதற்கு வாபி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போது லினக்ஸுக்கு வயது இரண்டு. சண் செய்வதை நாங்களும் செய்யலாம்தானே என்று பொப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் என்ற இருவர் தொடங்கியதுதான் வைன். 1994இல் பொறுப்பு அலெக்சாந்தர் ஜூலியார் என்ற சுவிஸ் நாட்டு நிரலாளர் கைக்குப் போனது. அது கிட்டத்தட்ட ஒரு வாழ்நாள் வேலையாகவே அவருக்கு ஆகிப்போனது. வைனுக்குள் வருகிற ஒவ்வொரு வரியும் அவருடைய பார்வையைத் தாண்டித்தான் வரவேண்டும் என்ற நிலை பல வருசம் இருந்தது.

தொடங்கியபோது இலக்கு விண்டோஸ் 3.1. அதைப் பிடிப்பதற்குள் விண்டோஸ் 95 வந்தது, 16 பிட் போய் 32 பிட் வந்தது. பிறகு டைரக்ட்எக்ஸ் வந்தது. ஓடுகிற பஸ்ஸைப் பின்னால் துரத்துகிற வேலைதான். அதிலும் பஸ் ஓட்டுகிறவர் உங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2005இல் மைக்ரோசொப்டின் பதிவிறக்கத் தளம், வந்திருப்பது உண்மையான விண்டோஸா என்று சோதிக்கும்போது வைனின் றெஜிஸ்ரி அடையாளத்தையும் குறிப்பாகத் தேடியது கண்டுபிடிக்கப்பட்டது. வைன்காரருக்கு அதில் ஒரு சந்தோசமும் இருந்திருக்கும். பொருட்படுத்தத் தேவையில்லாத ஒன்றை யாரும் மினக்கெட்டுத் தேடுவதில்லை.

வேலை இவ்வளவு மெதுவாக நடந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸின் மூலக் கோடைப் பார்த்த எவரும் வைனுக்கு எழுதக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. 2004இல் விண்டோஸ் 2000இன் கோடில் ஒரு பகுதி இணையத்தில் கசிந்தது. வேறு ஆட்களென்றால் பாய்ந்து விழுந்து பார்த்திருப்பார்கள். வைன்காரருக்கு அது தொடக்கூடாத பொருள். அதைப் பார்த்து எழுதினால் முழுத் திட்டமுமே நீதிமன்றத்தில் போய் முடியலாம். ஆகவே அவர்கள் செய்தது இதுதான்: சின்னச் சின்னச் சோதனை நிரல்களை எழுதி உண்மையான விண்டோஸில் ஓட்டுவது, அது என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பது, அதே பதிலைச் சொல்லும்படி வைனை எழுதுவது. விண்டோஸ் பிழையான பதில் சொன்னால் வைனும் அதே பிழையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கோ ஒரு கேம் அந்தப் பிழையை நம்பி எழுதப்பட்டிருக்கும். இப்படிக் கட்டளைகளின் பெயரையும் வடிவத்தையும் எடுத்து உள்ளே தானாக எழுதுவது சட்டப்படி சரியா என்ற கேள்வியும் கனகாலம் தொங்கிக்கொண்டிருந்தது. கூகிளுக்கும் ஒரக்கிளுக்கும் இடையிலான ஜாவா வழக்கில் 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூகிள் செய்தது நியாயமான பயன்பாடு என்று தீர்ப்புச் சொன்னபோதுதான் இந்தத் துறைக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

லினக்ஸில் அந்தக் காலத்தில் கேமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1994இலேயே டூமை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார் ஐடி சொப்ட்வெயரின் டேவ் டெய்லர். 1998இல் கலிபோர்னியாவில் ஸ்கொட் டிரேக்கர் என்ற வழக்கறிஞர் லோக்கி சொப்ட்வெயர் என்ற கம்பனியைத் தொடங்கினார். நல்ல கேம்களின் உரிமையை வாங்கி, லினக்ஸுக்கென்றே திருப்பி எழுதி, பெட்டியில் போட்டு விற்பது அவர்களின் தொழில். சிவிலைசேஷன்: கோல் டு பவர், குவேக் 3, சிம்சிற்றி 3000 எல்லாம் அப்படி வந்தவை. வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் விண்டோஸ் பெட்டி கடைக்கு வந்து பல மாதம் கழித்துத்தான் லினக்ஸ் பெட்டி வரும். அதுவரைக்கும் பொறுக்க ஏலாத லினக்ஸ்காரன், பக்கத்தில் வைத்திருக்கிற விண்டோஸில் அதே கேமை விளையாடி முடித்திருப்பான். 2001 ஓகஸ்டில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி, 2002 ஜனவரியில் லோக்கி இழுத்து மூடப்பட்டது.

லோக்கி விட்டுப்போன ஒன்று மட்டும் சாகவில்லை. அங்கே வேலை செய்த சாம் லன்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற நூலகம், ஒரே கேம் கோடைப் பல இயங்குதளங்களில் ஓட்ட உதவுவது. இன்றைக்கும் எத்தனையோ கேம்களுக்குள் அது இருக்கிறது. லன்டிங்கா கதைக்குள் திரும்பி வருவார்.

லோக்கி மூடிய அதே காலத்தில்தான், என் கணிப்பில், இந்த முழு வரலாற்றின் முக்கியமான சண்டை நடந்தது. கேமைத் திருப்பி எழுதாமல், வைனை வைத்து விண்டோஸ் கேமையே ஓட்டலாம் என்று கனடாவின் ட்ரான்ஸ்கேமிங் என்ற கம்பனி இறங்கியது. வைனின் அப்போதைய உரிமம் மிகத் தாராளமானது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மூடி வைத்து விற்கலாம். ட்ரான்ஸ்கேமிங் அதை எடுத்து, டைரக்ட்3டி ஆதரவைச் சேர்த்து, வைன்எக்ஸ் என்ற பெயரில் மாதம் 5 டொலர் சந்தாவுக்கு விற்றது. போதிய சந்தாதாரர் சேர்ந்தால் அந்தக் கோடை வைனுக்கே தருவோம் என்றும் சொன்னார்கள். அந்த நாள் வரவில்லை.

அவர்கள் சட்டத்தை மீறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உரிமம் அனுமதித்ததைத்தான் செய்தார்கள். விண்டோஸின் 3டி கேம்களை லினக்ஸில் விளையாட ஏலும் என்று அந்த நாளில் காட்டியவர்களும் அவர்கள்தான். ஆனால் சம்பளமில்லாமல் இரவிரவாக எழுதியவர்களின் பக்கத்தில் இருந்து பாருங்கள். நீங்கள் கட்டிய அத்திவாரத்தின் மேல் வேறொருவர் வீடு கட்டி வாடகை வாங்குகிறார், அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட உங்களை விடுவதில்லை. நீண்ட வாக்குவாதங்களுக்குப் பிறகு 2002 மார்ச்சில் வைன் தன் உரிமத்தை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியது. இனி வைனை மாற்றி வெளியிடுகிறவர் அந்த மாற்றங்களின் கோடையும் கொடுத்தே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு ட்ரான்ஸ்கேமிங்குக்கு வைனின் புதிய கோடை எடுத்து மூடி விற்க முடியவில்லை. பழைய கிளையிலேயே தொங்கிக்கொண்டு, 2004இல் செடேகா என்று பெயரை மாற்றிக்கொண்டு, கொஞ்சங் கொஞ்சமாகப் பின்தங்கி 2011இல் அந்தச் சேவை முடிந்தது. மற்றப் பக்கத்தில் மினசோட்டாவில் ஜெரமி வைட் நடத்திய கோட்வீவர்ஸ் கம்பனி வேறு வழியில் போனது. வைனைச் சுற்றி குரொஸ்ஓவர் என்ற பொருளை விற்பார்கள், ஆனால் திருத்தங்களை வைனுக்கே திருப்பித் தருவார்கள். ஜூலியாருக்கும் அங்கேதான் சம்பளம். அவர்களின் ஆரம்ப வாடிக்கையாளர் கேம் விளையாடுகிற பெடியள் இல்லை, மைக்ரோசொப்ட் ஒபிஸ் இல்லாமல் வேலை பார்க்க ஏலாத கந்தோர்க்காரர். வேர்ட் ஓடவேண்டும் என்று யாரோ கொடுத்த காசில்தான் பின்னால் எங்கள் கேம்களுக்கான அடித்தளமும் வளர்ந்தது.

வைன் 1.0 வந்தது 2008 ஜூனில். தொடங்கிப் பதினைந்து வருசம் கழித்து! அந்தக் காலத்து வைன் தளத்தில் எந்த மென்பொருள் எப்படி ஓடுகிறது என்று ஆட்கள் மதிப்பீடு எழுதுவார்கள். பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், கடைசியில் குப்பை. நான் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டதில் பாதி குப்பையில்தான் கிடந்தது. மிச்சத்துக்கு எங்கோ ஒருவர் எழுதிவைத்த பதினைந்து படிகளைப் பின்பற்றி, இந்த டிஎல்எல்லைக் கொண்டுவந்து, அந்த றெஜிஸ்ரி வரியை மாற்றி, விடியப்புறம் மூன்று மணிக்கு மெனு திரை வரும், சத்தம் வராது. கேம் விளையாடினதைவிட கேமை ஓடவைக்க மினக்கெட்டதுதான் கூட. அதில் ஒரு சுகம் இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் கேம் விளையாட வந்த ஆளை அந்தச் சுகத்தைக் காட்டிப் பிடிக்க ஏலாது. எங்கட பக்கத்தில் இன்னொரு விசயமும் இருந்தது. விண்டோஸுக்குக் காசு கொடுத்தவர்களை நான் விரல்விட்டு எண்ணலாம். கொப்பி பண்ணின சீடியில் எல்லாம் சும்மா கிடைக்கிற இடத்தில், "லினக்ஸ் இலவசம்" என்று சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இதையெல்லாம் மாற்றியது ஒரு கம்பனியின் பயம். ஸ்டீம் கடையை நடத்தும் வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2012 ஜூலையில் சியாட்டிலில் நடந்த மாநாடு ஒன்றில், பிசி உலகில் இருக்கிற எல்லோருக்கும் விண்டோஸ் 8 ஒரு பேரழிவு என்று பேசினார். விண்டோஸ் 8இல் மைக்ரோசொப்ட் தன் சொந்தக் கடையை உள்ளேயே வைத்து வெளியிட இருந்தது. ஐபோனில் அப்பிள் செய்வதுபோல, நாளைக்கு அந்தக் கடை வழியாக மட்டும்தான் மென்பொருள் போடலாம் என்று கதவைச் சாத்தினால் ஸ்டீமின் கதை என்னாவது? இங்கே ஒரு வேடிக்கை. நியூவெல் வால்வைத் தொடங்க முந்தி மைக்ரோசொப்டில் 13 வருசம் வேலை பார்த்தவர். கேம் என்றால் டொஸ் என்றிருந்த காலத்தில், விண்டோஸ் 95இலும் கேம் நன்றாக ஓடும் என்று காட்டுவதற்காக டூமை அதற்குக் கொண்டுவந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அவர். கேமர்களை விண்டோஸுக்குள் கூட்டிக்கொண்டு போனவர்களில் ஒருவரே வெளியே போக வழி தேடினார்.

வால்வ் வேகமாகத்தான் தொடங்கியது. எஸ்டிஎல் எழுதிய சாம் லன்டிங்காவை 2012இல் வேலைக்கு எடுத்தது. அதே வருசம் ஓகஸ்டில், லெஃப்ட் 4 டெட் 2 கேம் ஒரே இயந்திரத்தில் விண்டோஸ் 7இல் செக்கனுக்கு 270 பிரேம், லினக்ஸில் 315 பிரேம் ஓடுகிறது என்று அறிவித்தது. 2013 பெப்ரவரி 14ஆம் திகதி லினக்ஸுக்கான ஸ்டீம் வெளியானது. 2015 நவம்பரில் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் போட்ட கேம் பெட்டிகள் கடைக்கு வந்து, வந்த வேகத்திலேயே படுத்துவிட்டன. பெட்டியில் விளையாடப் போதிய கேம் இல்லை. லினக்ஸுக்கு எழுதித் தாருங்கள் என்று ஒவ்வொரு கேம் கம்பனியிடமும் கேட்டு நின்றார்கள். லோக்கி போய் முட்டிய அதே சுவர்தான். ஆள் இல்லாததால் கேம் வராது, கேம் வராததால் ஆளும் வராது.

ஆக, யாரிடமும் கேட்காமலே கேம் ஓடவேண்டும். வால்வ் 2016 அளவில் கோட்வீவர்ஸோடு சேர்ந்து அமைதியாக அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் 3டி வரைதலில் ஒரு முடிச்சு இருந்தது. விண்டோஸ் கேம் டைரக்ட்3டி மொழியில் வரையச் சொல்லும். வைன் அதை ஓப்பின்ஜிஎல் என்ற பழைய மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். இரண்டும் சிந்திக்கும் விதமே வேறு என்பதால் வேகம் நிறைய வீணாகும். 2016 பெப்ரவரியில் வல்கன் என்ற புதிய மொழி வந்தது. கிராபிக்ஸ் கார்ட்டோடு நேரடியாக, நெருக்கமாகப் பேச விடுவது.

2017இன் பிற்பகுதியில் பிலிப் ரெபோலே என்ற ஜெர்மன் இளைஞருக்கு நியர்: ஓட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் விளையாட வேண்டும் என்று ஆசை. வைனில் அது சரிவரவில்லை. அவர் டைரக்ட்3டி 11ஐ நேராக வல்கனுக்கு மாற்றும் மொழிபெயர்ப்பானைத் தானே எழுதத் தொடங்கினார். அதுதான் டிஎக்ஸ்விகே. சில மாதங்களிலேயே வால்வ் அவரைத் தேடிப் பிடித்துச் சம்பளம் கொடுத்து அதையே முழுநேர வேலையாக்கியது. இந்த வரலாற்றில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இது. கம்பனிகளும் மாநாடுகளும் பெரிய திட்டங்களும் இவ்வளவு காலம் சுற்றி நின்ற முடிச்சு, தனக்குப் பிடித்த ஒரு கேமை விளையாட நினைத்த ஒருவரின் கையில் அவிழ்ந்தது. ஆனால் அவர் வெறுந்தரையில் நிற்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கீழே இருபத்திநாலு வருசத்து வைன் இருந்தது. அது மூடிப் பூட்டப்படாமல் எல்லோருக்கும் திறந்திருந்தது.

2018 ஓகஸ்ட் 21ஆம் திகதி வைனையும் டிஎக்ஸ்விகேயையும் ஒன்றாகக் கட்டி, புரோட்டோன் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்து வால்வ் வெளியிட்டது. முதல் நாள் உத்தரவாதம் கொடுத்த கேம்கள் 27தான். அதில் நியர்: ஓட்டோமேட்டா இருந்தது. டூமும் இருந்தது. மற்றக் கேம்களையும் உங்கள் பொறுப்பில் ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு அமைப்பும் வைத்திருந்தார்கள். ஆட்கள் விடுவார்களா? புரோட்டோன்டிபி என்ற தளத்தில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தார்கள். றெஜிஸ்ரி வரியும் பதினைந்து படியும் போய், இன்ஸ்டோல் பொத்தானை அமத்தினால் கேம் வந்தது.

டைரக்ட்3டி 12க்கு இதே வேலையைச் செய்யும் விகேடி3டியை கோட்வீவர்ஸில் முன்னெடுத்தவர் போலந்தைச் சேர்ந்த யூசெப் குச்சா. 2019 ஓகஸ்டில், தெற்குப் போலந்தின் குகைகளுக்குள் போயிருந்தபோது இறந்துபோனார். வயது 30. அடுத்த ஜனவரியில் வந்த வைன் 5.0 வெளியீட்டை அவர் நினைவுக்குச் சமர்ப்பித்தார்கள். இன்றைக்குப் புதிய பெரிய கேம் ஒன்றை லினக்ஸில் திறக்கும்போது, அதன் படங்கள் திரைக்கு வருகிற பாதை அவர் தொடங்கிய வேலை வழியாகத்தான் அனேகமாக வருகிறது.

2022 பெப்ரவரி கடைசியில் வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் வந்தது. உள்ளே ஆர்ச் லினக்ஸ். அதை வாங்கியவர்களில் கனபேருக்குத் தாங்கள் லினக்ஸ் பாவிக்கிறோம் என்பதே பெரிய விசயமாக இருக்கவில்லை. அதே கிழமை எல்டன் ரிங் வெளியானது. விண்டோஸில் அந்தக் கேம் இடைக்கிடை திக்கித் திக்கி ஓடுகிறது என்று உலகமெல்லாம் முறைப்பாடு. சில நாட்களில் வால்வ் புரோட்டோனில் ஒரு திருத்தம் செய்தது, டெக்கில் திக்கல் பெருமளவு குறைந்தது. மூலத்தில் இருந்த தடுமாற்றத்தை மொழிபெயர்ப்பு சரிக்கட்டிவிட்டது. பழைய கேம்களில் இது இன்னும் அதிகம். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டுவதையே விட்டுவிட்டது, வைன் இன்னும் விடவில்லை.

லினக்ஸ் கருவுக்குள்ளும் மாற்றங்கள் வந்தன. பல வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் விதம் விண்டோஸில் வேறு, லினக்ஸில் வேறு. கேம்களின் வேகம் அங்கே அடிபட்டது. 5.16 பதிப்பில் ஒரு புதிய வசதி, பிறகு 2025இல் வந்த 6.14இல் என்ரிசிங்க் என்று இன்னொன்று. விண்டோஸைப் போலக் காத்து நிற்க லினக்ஸே பழகிக்கொண்டது.

இது எல்லோருக்கும் பிடித்ததில்லை. லினக்ஸுக்கென்று எழுதாத கேமுக்கு ஒரு சதமும் கொடுக்க மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. புரோட்டோன் இருக்கிறதுதானே என்று லினக்ஸ் பதிப்பை விடுகிற கம்பனிகள் உண்டு. ரொக்கெட் லீக் 2020 மார்ச்சில் லினக்ஸ் ஆதரவை நிறுத்தியது. கேம் எழுதுகிறவரைப் பொறுத்தவரை விண்டோஸ்தான் இன்னும் ஒரே முகவரி. நாளைக்கு மைக்ரோசொப்ட் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் இவர்கள் மறுபடி துரத்த வேண்டும். எனக்கும் ஒரு காலத்தில் இந்தப் பிடிவாதம் இருந்தது. போனது எப்படி என்றால், நான் வைத்திருந்த பழைய லினக்ஸ் பதிப்புக் கேம்கள் சில, நூலகங்கள் மாறி மாறி ஓடாமல் போக, அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டோனில் சும்மா ஓடியது. லினக்ஸில் நிலைத்து நிற்கிற கேம் மொழி விண்டோஸின் மொழிதான் என்று லினக்ஸ்காரரே பகிடியாகச் சொல்கிறார்கள். முழுப் பகிடியும் இல்லை.

இனித் தம்பியின் பட்டியலுக்கு வருவோம். அவன் சொன்னதில் விட்சர் 3, ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ், எல்டன் ரிங் எல்லாம் பிரச்சினையில்லை. கடைசியாகக் கொஞ்சம் இழுத்துச் சொன்னான்: "அண்ணா, அப்ப வலோரன்ட்?"

ஏலாது. இங்கே தடுப்பது பாஷைப் பிரச்சினை இல்லை. ஒன்லைன் கேமில் அளாப்புகிறவர்களைப் பிடிக்க ஒரு காவல் மென்பொருள் கேமோடு வரும். வலோரன்டின் வன்கார்ட் விண்டோஸின் கருவுக்குள்ளேயே போய் உட்காருவது. வைனில் அந்தக் கருவே இல்லை. வேறு காவல் மென்பொருட்கள் வழி திறந்திருக்கின்றன. ஈசி அன்ரி-சீட், பற்றில்ஐ இரண்டும் 2021 செப்ரெம்பரில் புரோட்டோனை ஆதரிப்பதாக அறிவித்தன. ஆனால் அனுமதிப்பதா இல்லையா என்பது ஒவ்வொரு கேம் கம்பனியின் விருப்பம். ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2022இல் அனுமதித்தது. லினக்ஸ் வழியாக அளாப்புகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று சொல்லி 2024இன் கடைசிப் பகுதியில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நேற்றுவரைக்கும் ஓடிய கேம், கொடுத்த காசு, விளையாடிச் சேர்த்தது எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே போக மட்டும் ஏலாது. அளாப்பு என்பது உண்மையான தொல்லைதான், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முப்பது வருசம் எழுதித் திறந்த வழியை ஒரு கம்பனி ஒரே நாளில் பூட்டலாம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

வால்வையும் நான் புனிதராக்கப் போவதில்லை. ஸ்டீம் மூடிய மென்பொருள். அதில் வாங்குகிற கேம் எங்கள் கையில் இருக்கிறதா, அவர்கள் கையில் இருக்கிறதா என்பது தனிக் கட்டுரைக்கான கேள்வி. அவர்கள் தங்கள் கடையைக் காப்பாற்றத்தான் காசு போட்டார்கள். ஆனால் அந்தக் காசில் எழுதப்பட்ட கோட், 2002இல் எடுத்த முடிவின் கீழ், வைனுக்குத் திரும்பி வருகிறது. ஸ்டீம் இல்லாமல் புரோட்டோனின் வேலையை எடுத்துப் பாவிக்கிற லூட்ரிஸ், ஹீரோயிக் போன்றவை இருக்கின்றன. வால்வுக்கு நாளைக்கு மனம் மாறினாலும் எழுதினதை யாரும் திருப்பி எடுக்க ஏலாது. ட்ரான்ஸ்கேமிங் மூடியபோது அப்படி மிஞ்சியது அதிகமில்லை.

தம்பி கால் கேட்ட அதே மாதம், ஸ்டீமின் மாதாந்தக் கணக்கெடுப்பில் லினக்ஸ் பாவிக்கிறவர்கள் முதன்முறையாக 3 வீதத்தைத் தாண்டினார்கள். மூன்று வீதம்! கேட்கச் சின்ன எண்தான். ஸ்டீம் டெக்கும் அதற்குள் அடக்கம்.

தம்பி இப்போது லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறான். விட்சர் ஓடுகிறது, கொஞ்சம் சூடாகிறதாம். வலோரன்டுக்காக ஹார்ட் டிஸ்கின் ஒரு மூலையில் அப்டேற் இல்லாத விண்டோஸ் 10ஐ அழிக்காமல் வைத்திருக்கிறான். "உது ஆபத்தெல்லோ?" எண்டு கேட்டன். "தெரியும் அண்ணா, பெடியள் எல்லாம் அதிலதான் நிக்கிறாங்கள்" எண்டான்.